1998 மாடல் ஆம்னி: என்ன பழுது வரும், எவ்வளவு செலவாகும்?

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 1998 மாடல் மாருதி ஆம்னி, கார்பரேட்டர் வண்டி, 70,000 ரூபாய்க்கு வருகிறதாம். ஆர்.சி. 2028 வரை இருக்கிறது. இட்லி மாவு பாக்கெட்டுகளை வத்தலகுண்டு வரை கடை கடையாகப் போட வேண்டும், போக வர தினம் 80 கிலோமீட்டர். இந்த வண்டியில் வழக்கமாக என்னென்ன ரிப்பேர் வரும், எவ்வளவு செலவாகும் என்பது கேள்வி. படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அவர் கேட்பது ரிப்பேர் பட்டியலை அல்ல. விடியற்காலையில் எழுந்து மாவு ஆட்டி, அதை விற்று வரும் காசை இந்த வண்டி தின்றுவிடுமா என்றுதான் கேட்கிறார். அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

சேலம் பக்கம் ஒரு சின்ன ஊரில் 24 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். காய்கறி, பூ, முட்டை, பால், கேட்டரிங் என்று ஆம்னி வைத்துப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர் எங்களிடம் வருகிறார்கள். கீழே சொல்லும் தொகையெல்லாம் எங்கள் பட்டறைக் கணக்கு, ஸ்பேரும் கூலியும் சேர்த்து. பெரிய ஊர்களில் கூலி கூடுதலாக இருக்கும். ஒரிஜினல் ஸ்பேர், லோக்கல் ஸ்பேர் என்பதைப் பொறுத்தும் மாறும். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் இந்த வகை வண்டியைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், உங்களுக்கு வரும் அந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்வதை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. ஆம்னி 1984-இல் வந்த வண்டி. 2019 வரை அடிப்படை அமைப்பு மாறாமலே உற்பத்தியில் இருந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், மாருதி 800-இல் இருந்த அதே குடும்பத்து இன்ஜின். அதனால் 28 வயதான வண்டிக்கும் ஸ்பேர் கிடைக்காத கவலை இல்லை, தாலுகா ஊர்க் கடையிலேயே கிடைக்கும். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் வேலையும் கார்பரேட்டர் வண்டியில் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் வழியிலேயே சரி செய்துவிடுவார். சில்லறை ரிப்பேர்கள் பலவும் 500-லிருந்து 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பயப்பட வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று இன்ஜின் சூடாவது, இன்னொன்று துரு.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் கட்டி இழுத்து வரப்படும் ஆம்னிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் படுத்திருக்கிறது. காரில் பானெட்டுக்குள் காற்று போய் வருவதுபோல் இதில் வராது. அதனால் ரேடியேட்டர், ஃபேன், தண்ணீர் பம்பு மூன்றும் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும். நம் ஊரில் நடப்பது என்ன? கூலண்ட் ஊற்றுவதில்லை, கையில் கிடைக்கும் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன, அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புதான். வண்டி சூடாகிறது என்று மெக்கானிக்கிடம் போனால் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார். நாலு நாள் டெம்பரேச்சர் மீட்டர் முள் கீழே நிற்கும், அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த இன்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஓரளவு சூடு வரை நடுவில் இருக்கும் கேஸ்கெட் தாங்கும். அதைத் தாண்டினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், தண்ணீர் ஆயிலில் கலக்கும். எங்களிடம் வரும் ஒரு பூ வியாபாரிக்கு இப்படி நடந்தது. ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் ஒன்று தளர்ந்து தண்ணீர் ஒழுகியிருக்கிறது. 40 ரூபாய் கிளிப். முள் மேலே ஏறியதைப் பார்த்திருக்கிறார், ஆனால் காலை ஏலத்துக்கு நேரமாகிவிட்டதே என்று இன்னும் 3 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். ஹெட்டைக் கழற்றி வைத்துப் பார்த்தபோது ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவு வளைவு. லேத்தில் ஹெட்டை மட்டமாக்கும் ஃபேஸிங், வால்வ் வேலை, கேஸ்கெட் செட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். அவருடைய ஒரு மாதச் சேமிப்பு அது. முள் சிவப்பைத் தொட்டால், எந்தக் கடைக்காரர் காத்திருந்தாலும் சரி, அந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். மூடியை உடனே திறக்கவும் வேண்டாம், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது காலையில் போங்கள், இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். முன்சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். காப்பி நிறத்தில் வெண்ணெய் போல ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்தாலும் லேசாக அப்படிப் படியும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். குச்சியிலும் அதே நிறம் என்றால் சந்தேகமே இல்லை. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது. தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தால் வருடக்கணக்கில் கூலண்ட் பார்க்காத வண்டி. கடைசியாக, 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து ஐட்லிங்கில் விட்டு நில்லுங்கள், ஃபேன் தானாக ஓட வேண்டும். ஃபேன் ஓடாமல் முள் ஏறினால் ஃபேன் சுவிட்ச், மோட்டார், வயரிங் இதில் ஏதோ ஒன்று. அது 600-லிருந்து 2,500 ரூபாய்க்குள் முடியும்.

புகையையும் அப்போதே கவனியுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வ் சீல், 2,000-லிருந்து 3,500 வரை ஆகும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, அது ஃபுல் இன்ஜின் வேலை. சிலிண்டரைக் குடைந்து (போர் அடித்து), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றினால் 28,000-லிருந்து 40,000 வரை போகும். 70,000 ரூபாய் வண்டிக்கு அந்தச் செலவு தகாது. ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். இத்தனை வயதில் கேபிளோ மீட்டரோ ஒரு முறையாவது மாறியிருக்கும்.

இப்போது துரு. இன்ஜினைக் காசு கொடுத்துப் புதிதாக்கிவிடலாம், துருப்பிடித்த பாடியை முழுதாக மீட்க முடியாது. ஆம்னிக்குத் தனி சேஸி இல்லை, பாடியே சேஸி. அதனால் தரை அரித்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல, வண்டியின் எலும்பே அரிக்கிறது என்று பொருள். ரப்பர் மேட்டைத் தூக்குங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் தூக்குங்கள். ஓட்டுநர் காலடி, பின்பக்கத் தரை, சறுக்குக் கதவின் கீழ் ரெயில், சக்கர வளைவுகள், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், இந்த இடங்களில் கட்டை விரலால் அழுத்துங்கள். நல்ல தகடு கல் மாதிரி இருக்கும். பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்த இடம் மொறுமொறுவென்று உள்ளே போகும். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்கப் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்) பாடியோடு சேரும் நான்கு இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முன் நுனி இரண்டு, பின் நுனி இரண்டு. அங்கே தகடு அடுக்கடுக்காக உரிந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். லோடோடு போகும்போது பட்டை பாடியிலிருந்து பிய்ந்து வந்தால் உயிர்ச் சேதம்தான். தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும் என்றால் டிங்கரிங் செய்து பேட்ச் போட 6,000-லிருந்து 15,000 வரை ஆகும். முழு டிங்கரிங், பெயிண்டிங் என்று இறங்கினால் 35,000-க்குக் குறையாது.

உங்கள் தொழிலுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. மாவு புளிக்கும் பொருள். ஒரு பாக்கெட் கிழிந்து மேட்டுக்கு அடியில் போனால் அந்தப் புளிப்பும் ஈரமும் தகட்டை வேகமாக அரிக்கும். எங்களிடம் வரும் ஒரு தயிர் வண்டியின் தரையை இரண்டே வருடத்தில் இரண்டு முறை வெல்டிங் செய்தோம், அதே ஊரில் அதே வயது முட்டை வண்டியின் தரை நன்றாக இருக்கிறது. பாக்கெட்டுகளை ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் டிரேயில் வைத்து ஏற்றுங்கள். வாரம் ஒரு முறை மேட்டைத் தூக்கிக் கழுவிக் காயவிடுங்கள்.

சரி, மற்ற பழுதுகள். தினம் கடை கடையாக நின்று நின்று போகிற ஓட்டத்தில் முதலில் தேய்வது கிளட்ச். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றினால் 4,000-லிருந்து 5,500. ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம், கியர்பாக்ஸை இறக்கும் கூலி மறுபடியும் விழும். கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் சொல்லாமல் அறுந்துவிடும், இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள், மொத்தம் 600 ரூபாய்தான். கியர் நான்கு. கியர் போடும்போது கம்பு தொளதொளவென்று ஆடினால் லிங்க் புஷ், 500-க்குள் முடியும். இரண்டாவது கியரில் கரகரவென்று சத்தம் வந்தாலோ, இறக்கத்தில் கியர் தானாகக் கழன்றாலோ, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியிருக்கும், 5,000-லிருந்து 9,000. ரிவர்ஸிலிருந்து முதல் கியர் போட்டுக் கிளம்பும்போது அடியில் டக் என்று ஒரு சத்தம் கேட்டால் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டு, அதாவது கிராஸ், தேய்ந்திருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து 1,500. அதை விட்டுவிட்டு ஓட்டாதீர்கள். ஓடும்போது ஷாஃப்ட் கழன்று ரோட்டில் குத்தினால் வண்டி கவிழவும் கூடும். சறுக்குக் கதவின் உருளைகள் உங்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேயும். கதவைத் திறக்கும்போது தூக்கி இழுக்க வேண்டியிருந்தால் உருளையை மாற்றுங்கள், 700-லிருந்து 1,200. ரெயிலில் கிரீஸைப் பூசினால் மண் ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிட்டு லேசாக ஆயில் தடவினால் போதும்.

பிரேக்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக். உள்ளே இருக்கும் வீல் சிலிண்டர் கசிந்தாலோ, ஆக்சில் ஆயில் சீல் போனாலோ, பிரேக் ஷூ நனைந்து பிடிப்பு போய்விடும். பின் டயரின் உட்பக்கச் சுவர் ஈரமாகப் பளபளத்தால் அதுதான் காரணம். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலை முழுதாகச் செய்ய 4,000-லிருந்து 6,000 ஆகும். வண்டி வாங்கிய முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். டயர் 12 இஞ்ச், ஒன்று ஏறக்குறைய 3,000. பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு வருடம். ஆறு வருடம் தாண்டிய டயரில் லோடு ஏற்றாதீர்கள்.

கார்பரேட்டரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை ரிப்பேராக யாரும் நினைப்பதில்லை, ஆனால் உங்கள் காசு அதிகம் கசியப் போவது அங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 2,080 கிலோமீட்டர். நல்ல நிலையில் இருக்கும் கார்பரேட்டர் ஆம்னி லோடோடு 13 கொடுக்கும் என்று வைத்தால் 160 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 16,000. டியூனிங் கெட்டு 11 கொடுத்தால் 189 லிட்டர், 18,900 ரூபாய். மாதம் 2,900 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. வருடத்துக்கு ஒரு ஃபுல் இன்ஜின் வேலைக்கான காசு. கார்பரேட்டரைக் கழற்றி ஜெட் சுத்தம் செய்து, கிட் மாற்றி, பிளக், பாயிண்ட், டைமிங் பார்த்து டியூன் செய்ய 1,500 ரூபாய்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் ஆகிச் சூடான பிறகும் ஐட்லிங்கில் குலுங்கினாலோ, பிளக் கரியாக இருந்தாலோ ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் பழைய வகை ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், இது உறுதி. ஆனால் சமீப வருடங்களில் எங்களிடம் வெடித்து வரும் பெட்ரோல் ஹோஸ்களுக்கெல்லாம் எத்தனால்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பாதி ஹோஸ்களுக்கு 20 வயது இருக்கும். காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் சீட்டுக்கு அடியில், சுடும் இன்ஜினுக்குப் பக்கத்தில் போகிற ஹோஸ் அது. 400 ரூபாய் செலவழித்து எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். வண்டியில் கேஸ் கிட் இருக்கிறது என்றால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாத கிட் வேண்டாம். வீட்டுச் சிலிண்டரை மாட்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம், அப்படி ஓடும் வண்டியில் பக்கத்தில் உட்காரவே எனக்கு மனம் வராது.

இன்ஜினின் வால்வ்களை இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பில் இல்லாமல் வெறும் வாய்வார்த்தையாகச் சொன்னால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு நீங்கள் மாற்றிவிடுங்கள். பெல்ட், டென்ஷனர், சீல் சேர்த்து 2,500 ரூபாய். அதோடு தண்ணீர் பம்பையும் மாற்றினால் கூடுதலாக 1,500. நான் 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்வேன், பெல்ட் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

காகிதச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022-இல் 600-லிருந்து 5,000 ஆனது. 2025-இல் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கினார்கள். 2028-இல் உங்களுக்கு அதுவும், பசுமை வரியும், எஃப்.சி.க்கு முன் வண்டியைத் தயார் செய்யும் செலவும் சேர்ந்து வரும். சொந்த உபயோக நம்பர் பலகையில் வியாபாரச் சரக்கு ஏற்றினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் தகராறு வரலாம். வாங்கும் முன் ஏஜெண்டிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். ஆம்னியில் உங்கள் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஒரு தகடுதான். ஏர்பேக் கிடையாது. நசுங்கி அடியைத் தாங்க முன்னால் இன்ஜினும் கிடையாது. புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாததால்தான் 2019-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். வத்தலகுண்டு சாலையில் எவ்வளவு அவசரமானாலும் 55-ஐத் தாண்டாதீர்கள். சீட் பெல்ட் போடுங்கள். மாவு டிரேக்களைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், பிரேக் அடித்தால் அத்தனை லோடும் உங்கள் முதுகில்தான் வந்து மோதும்.

வாங்கலாமா என்றால், காலைச் சோதனையில் தேறி, பட்டை சேரும் நான்கு இடமும் சுத்தமாக இருந்தால் வாங்கலாம். ஆனால் 70,000 கொடுக்க மாட்டேன். 55,000-லிருந்து பேச ஆரம்பித்து 60,000-க்குள் முடியுங்கள். வாங்கியதும் டைமிங் பெல்ட், தண்ணீர் பம்பு, ரேடியேட்டர் கிளீனிங், கூலண்ட், ஹோஸ்கள், பிரேக், கார்பரேட்டர், ஷாஃப்ட் கிராஸ், ஆயில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்ய 17,000-லிருந்து 20,000 கையில் வைத்திருங்கள். டயர் பழசாக இருந்தால் அது தனியாக 12,000. அதற்குப் பிறகு மாதம் 2,000 ரூபாய் வண்டிக்கென்று எடுத்து வைத்தால், நான் பார்த்த வரை, அதற்குள் அடங்கும். சில மாதம் ஒன்றுமே ஆகாது, கிளட்ச் வரும் மாதத்தில் சேர்ந்து போகும். இந்தப் பணம் இப்போது கையில் இல்லை என்றால், கடன் வாங்கி இந்த வண்டியை எடுப்பதைவிட இன்னும் நாலு மாதம் வாடகை ஆட்டோவில் மாவு போடுவது மேல். விற்பவர் மேட்டைத் தூக்க விட்டால் தரையையும், அடியில் பட்டை சேரும் இடங்களையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.